குண்டு விழுந்த செய்தியைப் படிப்பது எப்படி? போரில் பொதுமக்கள் பாதுகாப்பு: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இடிந்து கிடக்கும் ஒரு கட்டடத்தின் படம் வருகிறது. புகை இன்னும் அடங்கவில்லை. பார்த்தவர்களில் ஒரு சாரார் உடனே ‘போர்க்குற்றம்’ என்கிறார்கள். இன்னொரு சாரார் ‘போர் என்றால் அப்படித்தான்’ என்று கடந்துபோகிறார்கள். விசாரணை தொடங்க வேண்டிய இடத்தில் இரண்டு சாராருமே அதை முடித்துவிடுகிறார்கள்.

சட்ட மாணவர்கள், நிவாரணப் பணிக்குப் புதிதாக வருபவர்கள், மோதல் செய்திகளை எழுதத் தொடங்கும் நிருபர்கள் ஆகியோருக்கு வகுப்பெடுக்கும்போது நான் முதலில் சொல்வது ஒன்றுதான். குண்டு கிளம்புவதற்கு முன் உத்தரவிட்டவருக்கு என்ன தெரிந்திருந்தது, எதைத் தெரிந்துகொண்டிருக்க முடியும், வேறு என்ன செய்திருக்க முடியும்? சட்டம் கேட்பது இவற்றைத்தான். இடிபாடு அந்தக் கேள்விகளுக்கான வாசல். கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் கடந்துபோனால், எந்தத் தாக்குதலைப் பற்றியும் பொறுப்போடு பேச முடியும்.

தொடங்கும் முன்: பெயர்களை அடித்துவிடுங்கள்

போரை யார் தொடங்கினார்கள், யார் பக்கம் நியாயம் என்ற கேள்வியைச் சற்று ஒதுக்கி வையுங்கள். அது முக்கியமான கேள்விதான். அதற்குப் பதில் தேட ஐக்கிய நாடுகள் சாசனம் இருக்கிறது. போருக்குள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்வது வேறொரு சட்டம். அதன் பெயர் சர்வதேச மனிதாபிமானச் சட்டம். படையெடுத்து வந்தவருக்கும் அதே விதி, தற்காத்துக்கொள்பவருக்கும் அதே விதி. ஒவ்வொரு தரப்பும் நியாயம் தன்னிடம்தான் இருக்கிறது என்று சொல்லும். நியாயம் உள்ளவருக்கு விதி தளரும் என்று வைத்தால், கடைசியில் யாருக்கும் விதி இருக்காது. எதிரி மீறினான், ஆகவே நானும் மீறலாம் என்பதும் செல்லாது. ஒரு தரப்பின் மீறல், பொதுமக்களைப் பொறுத்தவரை மறுதரப்பின் கடமையை நீக்காது என்று ஜெனீவா உடன்படிக்கைகளோடு 1977இல் சேர்ந்த முதலாம் கூடுதல் நெறிமுறை 51ஆம் பிரிவில் வெளிப்படையாகவே சொல்கிறது.

மனத்துக்கு நெருக்கமான தரப்பு ஒன்று இருந்தால் இது கடினம். அதற்கு ஒரு பயிற்சி உண்டு. செய்தியில் வரும் இரு தரப்புப் பெயர்களையும் அடித்துவிட்டு ‘அ’, ‘ஆ’ என்று எழுதிப் படியுங்கள். பிறகு இரண்டையும் இடம் மாற்றிப் படியுங்கள். உங்கள் முடிவு மாறினால், நீங்கள் இன்னும் சட்டத்துக்குள் வரவில்லை.

முதல் படி: இது ஆயுத மோதலா?

இரண்டு நாடுகளில் ஒன்று மற்றொன்றின் மீது படைபலத்தைப் பயன்படுத்தினாலே அது சர்வதேச ஆயுத மோதல். போர்ப் பிரகடனம் எதுவும் தேவையில்லை. ஒரு நாட்டுக்குள் அரசுக்கும் ஆயுதக் குழுவுக்கும் இடையே நடந்தால் இரண்டு அம்சங்களைப் பார்க்க வேண்டும்: வன்முறை நீடித்ததாகவும் கடுமையானதாகவும் இருக்கிறதா, அந்தக் குழுவுக்கு ஓர் அமைப்பும் கட்டளை முறையும் இருக்கின்றனவா? முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான சர்வதேசத் தீர்ப்பாயம் 1995இல் தாடிச் வழக்கில் வகுத்த அளவுகோல் இது. கலவரமும் ஆங்காங்கே நடக்கும் துப்பாக்கிச் சூடும் இதற்குள் வராது. அங்கே மனித உரிமைச் சட்டம் மட்டுமே பேசும். உயிரைப் பறிக்கும் பலத்தைக் கடைசி வழியாக மட்டுமே அது அனுமதிக்கும்.

வகை தெரிந்தால் எந்த ஏட்டைத் திறப்பது என்பதும் தெரியும். 1949 ஆகஸ்ட் 12 அன்று கையெழுத்தான ஜெனீவா உடன்படிக்கைகள் நான்கு. முதல் மூன்றும் காயமுற்ற படையினர், கடலில் விபத்துக்குள்ளான படையினர், போர்க் கைதிகள் ஆகியோரைப் பற்றியவை. நான்காவது முழுக்கப் பொதுமக்களுக்கானது. நான்கிலும் ஒரே சொற்களில் வரும் 3ஆம் பிரிவு உள்நாட்டு மோதலுக்கு உரியது. 1977இல் சேர்ந்த இரண்டு கூடுதல் நெறிமுறைகளில் முதலாவது சர்வதேச மோதலையும் இரண்டாவது உள்நாட்டு மோதலையும் பற்றிப் பேசுகின்றன.

இங்கே ஒரு வாதம் எழும்: அமெரிக்கா, இந்தியா, இஸ்ரேல் போன்ற நாடுகள் முதலாம் நெறிமுறையில் இணையவில்லையே, அவற்றை அது எப்படிக் கட்டுப்படுத்தும்? ஒப்பந்தமாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதன் மைய விதிகள் பெரும்பாலும் வழக்காற்றுச் சட்டமாகவும் நிலைபெற்றவை. கையெழுத்திட்டாலும் இடாவிட்டாலும் எல்லோரையும் கட்டுப்படுத்துபவை. சர்வதேச செஞ்சிலுவைக் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வு அப்படிப்பட்ட 161 விதிகளைத் தொகுத்திருக்கிறது. அந்தப் பட்டியலின் முதல் விதியே, பொதுமக்களையும் போரிடுபவர்களையும் எப்போதும் வேறுபடுத்த வேண்டும் என்பதுதான்.

இரண்டாம் படி: அடிபட்டவர் யார்?

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்ளுங்கள். செய்திகளில் ‘குடிமக்கள் பலி’ என்று எழுதுகிறார்கள். குடிமகன் என்றால் ஒரு நாட்டின் பிரஜை, படைவீரரும் குடிமகன்தான். சட்டம் பாதுகாப்பது பொதுமக்களை. நாடற்றவரும், அகதியும், பிழைக்க வந்த வெளிநாட்டுத் தொழிலாளியும் அதற்குள் அடக்கம்.

ஆயுதப் படையைச் சேராத எல்லோரும் பொதுமக்கள். ஒருவர் யார் என்பதில் ஐயம் இருந்தால் அவரைப் பொதுமகனாகவே கொள்ள வேண்டும். இந்த ஒரு வரியைப் பத்து முறை படியுங்கள். ‘போரிடும் வயதுடைய ஆண்கள்’ என்று ஒரு சொற்றொடர் அறிக்கைகளில் அடிக்கடி வருகிறது. வயதும் பாலினமும் ஒருவரைப் போராளி ஆக்கிவிடுவதில்லை. இறந்த ஆண்களைக் கணக்கிலிருந்து தள்ளிவிட்டுப் ‘பெண்கள், குழந்தைகள் இத்தனை பேர்’ என்று மட்டும் எழுதும் நல்ல மனம் படைத்த நிருபர்களும் தெரியாமலே அதே தவறைச் செய்கிறார்கள். நாற்பது வயது தையல்காரர் பொதுமகன். பாதுகாப்பு முழுவதும் அவருக்கும் உண்டு.

பொதுமகன் பாதுகாப்பை இழக்கும் ஒரே நிலை, சண்டையில் நேரடியாகப் பங்கேற்பது. அதுவும் பங்கேற்கும் நேரத்துக்கு மட்டும். துப்பாக்கி ஏந்திச் சுடுபவர், கண்ணிவெடி புதைப்பவர், பீரங்கிக்கு இலக்கின் இடத்தைச் சொல்பவர் ஆகியோர் நேரடியாகப் பங்கேற்கிறார்கள். ஒரு தரப்பின் கொடியை வீட்டில் ஏற்றியவர், அதற்கு வாக்களித்தவர், வரி கட்டியவர், அதன் வானொலியில் பாடியவர் பங்கேற்கவில்லை. ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளியும் பங்கேற்கவில்லை. தொழிற்சாலை இலக்காகலாம்; வேலை முடிந்து வீட்டில் உறங்கும் தொழிலாளி இலக்காக முடியாது. வெடிமருந்து லாரியை முன்னணிக்கு ஓட்டிச் செல்லும் சாதாரண ஓட்டுநர் போன்ற சில நேர்வுகளில் வல்லுநர்களுக்கு இடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. அப்படிப்பட்ட இடங்களில் அவசரப்பட வேண்டாம்.

சரணடைந்தவர், காயமுற்று எதிர்க்க முடியாதவர் ஆகியோர் படையினராக இருந்தாலும் அவர்களைத் தாக்கக் கூடாது. அவர்கள் பொதுமக்கள் அல்லர். ஆனால் சண்டைக்கு வெளியே வந்துவிட்டவர்கள்.

மூன்றாம் படி: அடிபட்ட இடம் எது?

ஒரு கற்பனை நகரத்தை எடுத்துக்கொள்வோம். நகரின் ஓரத்தில் தண்ணீர் ஏற்றும் நிலையம் ஒன்று இருக்கிறது. நான்கு பம்புகள், ஒரு மேல்நிலைத் தொட்டி, இரவுப் பணியில் ஓர் ஊழியர். ஒரு நாள் படையினர் வந்து தொட்டியின் உச்சியில் ஆன்டெனா ஒன்றைக் கட்டுகிறார்கள். அதன் வழியே பீரங்கிகளுக்கு இலக்குச் சொல்கிறார்கள். எதிர்த்தரப்புத் தளபதி இதைக் கண்டுகொள்கிறார். அவர் நிலையத்தைத் தாக்கலாமா?

இராணுவ இலக்கு என்பதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. அந்தப் பொருள் தன் தன்மையாலோ, இடத்தாலோ, நோக்கத்தாலோ, பயன்பாட்டாலோ இராணுவ நடவடிக்கைக்கு உருப்படியாக உதவ வேண்டும். அதை அழிப்பது அந்த வேளையின் சூழலில் திட்டவட்டமான இராணுவ ஆதாயம் தர வேண்டும். இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஆன்டெனா இரண்டையும் நிறைவேற்றுகிறது. நேற்று இருந்து இன்று கழற்றப்பட்டுவிட்டது என்றால் நிலையம் பழையபடி பொதுமக்கள் சொத்து. ‘ஒரு காலத்தில் பயன்படுத்தினார்கள்’ என்பது காரணம் ஆகாது.

பம்புகளும் தொட்டியும்? குடிநீர் அமைப்புகள், பயிர்கள், உணவுக் கிடங்குகள் போன்றவற்றுக்குத் தனிக் காவல் இருக்கிறது. முதலாம் நெறிமுறையின் 54ஆம் பிரிவு இங்கே ஒரு படி மேலே போகிறது. அவை இராணுவ நடவடிக்கைக்கு நேரடியாக உதவினாலும்கூட, மக்களைப் பட்டினிக்கோ இடம்பெயர்வுக்கோ தள்ளும் அளவுக்கு நீரையும் உணவையும் பறிக்கும் செயல் கூடாது என்கிறது. ஆக, தளபதி ஆன்டெனாவைக் குறிவைக்கலாம். ஊரின் தண்ணீரைக் குறிவைக்க முடியாது. எப்படிக் குறிவைப்பது என்பதற்கு அடுத்த இரண்டு படிகளில் வருவோம்.

மருத்துவமனையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எதிரிக்குத் தீங்கு செய்யும் செயலுக்குப் பயன்படுத்தினால் மட்டுமே அது பாதுகாப்பை இழக்கும். அப்போதும் எச்சரிக்கை கொடுத்து, நியாயமான கால அவகாசம் தந்து, அது பலிக்காவிட்டால்தான். காயமுற்ற படைவீரர்கள் உள்ளே சிகிச்சை பெறுவது தீங்கு செய்யும் செயல் ஆகாது. அவர்களிடமிருந்து வாங்கி வைத்து இன்னும் ஒப்படைக்காத துப்பாக்கிகள் அறையில் இருப்பதும் ஆகாது. நான்காம் உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு இந்தச் சிறு விவரத்தைக்கூட எழுதி வைத்திருக்கிறது. ‘மருத்துவமனையில் ஆயுதங்கள் கிடைத்தன’ என்ற செய்தியைப் படிக்கும்போது இது நினைவிருக்கட்டும்.

அணைகளுக்கும் அணு மின் நிலையங்களுக்கும் முதலாம் நெறிமுறையின் 56ஆம் பிரிவில் தனி விதி உண்டு. பண்பாட்டுச் சின்னங்களுக்கு 1954ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை இருக்கிறது. மாலி நாட்டின் திம்புக்டு நகரச் சமாதிகளை இடித்ததற்காக அகமது அல் மஹ்திக்கு 2016இல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 9 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

நான்காம் படி: அளவு மிஞ்சியதா?

இலக்கு சரியான இராணுவ இலக்காகவே இருக்கட்டும். அதைத் தாக்கினால் பொதுமக்களுக்கு ஏற்படும் என்று எதிர்பார்க்கப்படும் சேதம், எதிர்பார்க்கப்படும் உறுதியான, நேரடியான இராணுவ ஆதாயத்துடன் ஒப்பிடும்போது மிகையாக இருந்தால், அந்தத் தாக்குதல் கூடாது. இதை விகிதாசார விதி என்கிறோம்.

இரு தரப்பிலும் இறந்தவர்களை எண்ணி ஒப்பிடுவது இந்த விதி அல்ல. ‘அங்கே ஆயிரம், இங்கே பத்து, ஆகவே விகிதாசாரம் இல்லை’ என்ற வாதம் நெஞ்சைத் தொடும். ஆனால் சட்டத்தின் கணக்கு ஒவ்வொரு தாக்குதலுக்கும் தனியானது. நடந்து முடிந்த பின் தெரிந்த எண்ணிக்கையை வைத்து மட்டும் தீர்ப்பதும் தவறு. ‘எதிர்பார்க்கப்படும்’ என்பதே சட்டத்தின் சொல். அதற்காக, ‘எனக்குத் தெரியாது’ என்று தளபதி தப்பிவிடவும் முடியாது. போஸ்னியாவின் சாரயேவோ நகர முற்றுகையில் பொதுமக்களைச் சுட்டும் குண்டுவீசியும் அச்சுறுத்திய படைக்குத் தலைமை தாங்கிய ஸ்டானிஸ்லாவ் காலிச் வழக்கில் யூகோஸ்லாவியத் தீர்ப்பாயத்தின் 2003ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஓர் அளவுகோலைத் தந்தது. தாக்கியவரின் நிலையில் இருக்கும் நியாயமான, போதிய விவரமறிந்த ஒருவர், கிடைத்த தகவல்களை நியாயமாகப் பயன்படுத்தியிருந்தால், இவ்வளவு சேதம் வரும் என்று எதிர்பார்த்திருப்பாரா என்பதே கேள்வி. காலிச்சுக்கு முதலில் 20 ஆண்டுத் தண்டனை கிடைத்தது. 2006இல் மேல்முறையீட்டில் அது ஆயுள் தண்டனையாயிற்று.

நம் தண்ணீர் நிலையத்துக்குத் திரும்புவோம். பெரிய குண்டு ஒன்றைப் போட்டால் ஆன்டெனாவோடு தொட்டியும் போகும். உடனடிச் சாவு இரவுப் பணி ஊழியர் ஒருவருடையது மட்டுமாக இருக்கலாம். ஒருவர்தானே என்று எழுதிவிடாதீர்கள். தண்ணீர் நின்ற மூன்றாம் நாள் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவ நீர் இருக்காது. பத்தாம் நாள் குழந்தைகள் வயிற்றுப்போக்கோடு வருவார்கள். முன்கூட்டியே கணிக்கக்கூடிய இந்தத் தொடர் விளைவுகளும் கணக்கில் சேர வேண்டும். நகரங்களில் நடக்கும் போரில் நான் கண்டவரை, முதல் நாள் பட்டியலில் ஏறாத மரணங்களே அதிகம் மறக்கப்படுகின்றன.

ஐந்தாம் படி: முன்பே என்ன செய்திருக்கலாம்?

எனக்கு இதுதான் மிக முக்கியமான படி. செய்திகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். முதலாம் நெறிமுறையின் 57ஆம் பிரிவு தாக்குபவர் செய்ய வேண்டியவற்றை அடுக்குகிறது. இலக்கைச் சரிபார்க்க முடிந்த எல்லாவற்றையும் செய்ய வேண்டும். பொதுமக்களுக்குச் சேதம் குறையும் ஆயுதத்தையும் முறையையும் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே ஆதாயம் தரும் இரண்டு இலக்குகள் இருந்தால் ஆபத்து குறைந்ததை எடுக்க வேண்டும். சூழல் இடம்தரும்போதெல்லாம் பயனுள்ள எச்சரிக்கை தர வேண்டும். தவறு என்று தெரிந்த நொடியில் நிறுத்த வேண்டும். ஆன்டெனாவைச் சிறிய ஆயுதத்தால் தொட்டிக்குச் சேதமின்றி வீழ்த்த முடியும் என்றால், பெரிய குண்டுக்கு அங்கே இடமில்லை.

2015 அக்டோபர் 3 அதிகாலை ஆப்கானிஸ்தானின் குந்தூஸ் நகரில் நடந்ததை இந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பின் மருத்துவமனையை அமெரிக்க விமானம் ஒன்று தாக்கியது. நோயாளிகளும் ஊழியர்களும் உடனிருந்தோருமாக 42 பேர் இறந்தார்கள். மருத்துவமனையின் புவியிடக் குறியீட்டை அந்த அமைப்பு முன்னதாகவே எல்லாத் தரப்புகளுக்கும் கொடுத்திருந்தது. தாக்க நினைத்த கட்டடம் ஏறத்தாழ 400 மீட்டர் தள்ளி இருந்தது. விமானக் கருவிகள் கொடுத்த குறியீடு வெற்று நிலத்தைக் காட்டியபோது, வாய்மொழி வருணனைக்குப் பொருந்துவதாகத் தோன்றிய கட்டடத்தை விமானக் குழுவினர் இலக்காகக் கொண்டார்கள். தாக்குதல் நடந்துகொண்டிருக்கும்போதே மருத்துவமனையிலிருந்து தொலைபேசி அழைப்புகள் போயின, உடனே நிற்கவில்லை. 2016 ஏப்ரலில் வெளியான அமெரிக்க இராணுவ விசாரணை, மனிதப் பிழைகளும் கருவிக் கோளாறுகளும் சேர்ந்ததால் நடந்தது என்றது. 16 பேர் மீது நிர்வாக நடவடிக்கை எடுக்கப்பட்டது. வேண்டுமென்றே செய்யப்படாததால் போர்க்குற்றம் ஆகாது என்றும் முடிவு சொன்னது. சுயேச்சையான விசாரணை வேண்டும் என்று மருத்துவர்கள் அமைப்பு கேட்டது.

சரிபார்க்கும் கடமை எங்கே தவறியது, நிறுத்தும் கடமை எங்கே தவறியது என்று இதில் விரல் வைத்துக் காட்ட முடிகிறது அல்லவா? இன்னொன்றையும் கவனியுங்கள். சட்டமீறல் எல்லாமே போர்க்குற்றம் ஆகாது. ஒரு படை விதியை மீறியிருக்கலாம். குறிப்பிட்ட ஒருவரைக் குற்றவாளியாக்க அவரது மனநிலையையும் நிரூபிக்க வேண்டும். ‘வேண்டுமென்றே’ என்ற சொல்லுக்குள் விளைவைப் பற்றி அக்கறையே இல்லாத துணிச்சலும் அடங்கும் என்று காலிச் வழக்கின் தீர்ப்பாயம் கொண்டது.

எச்சரிக்கை பற்றி ஒரு வார்த்தை. துண்டறிக்கை போட்டுவிட்டோம், வெளியேறச் சொன்னோம் என்பதோடு கடமை தீர்ந்துவிடாது. போக வண்டி இல்லாதவர், படுக்கையில் கிடக்கும் தாயை விட்டுப் போக முடியாதவர், போகும் வழியே ஆபத்து என்று அஞ்சியவர் அங்கேயே இருப்பார்கள். எச்சரிக்கைக்குப் பின் தங்கிவிட்டவரும் பொதுமகனே.

தற்காத்துக்கொள்பவருக்கும் கடமை உண்டு. மக்கள் நெருங்கி வாழும் இடத்தில் பீரங்கியை நிறுத்துவதை இயன்றவரை தவிர்க்க வேண்டும். மக்களைக் கேடயமாக்குவது போர்க்குற்றம். அப்படி ஆக்கப்பட்ட மக்களின் உயிர் மதிப்பு அதனால் குறைந்துவிடாது. தாக்குபவர் அவர்களையும் கணக்கில் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும்.

ஆயுதத்தையும் பாருங்கள்

விழுந்தது என்ன ஆயுதம் என்பதற்குத் துண்டுகளும் குழியும் சாட்சி. இரசாயன ஆயுதத்துக்கு 1993ஆம் ஆண்டுத் தடை உடன்படிக்கை, மனிதர்களைக் குறிவைக்கும் கண்ணிவெடிக்கு 1997, கொத்துக் குண்டுக்கு 2008. பின்னிரண்டில் பல நாடுகள் சேரவில்லை. சம்பந்தப்பட்ட நாடு உறுப்பினரா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். உறுப்பினர் இல்லை என்றாலும், இலக்கை வேறுபடுத்த முடியாதபடி எந்த ஆயுதத்தைப் பயன்படுத்தினாலும் அது தடைதான். ஊருக்குள் சிதறிக் கிடக்கும் பல இலக்குகளை ஒரே இலக்காகப் பாவித்து முழுப் பகுதியிலும் குண்டு பொழிவதும் அப்படியே.

ஆறாம் படி: குண்டு இல்லாத மீறல்கள்

பொதுமக்கள் பாதுகாப்பு என்றால் வானத்தைப் பார்த்தே பேசிப் பழகிவிட்டோம். ஒரு தரப்பின் கைக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்கு நேர்வது பல நேரங்களில் அதைவிடக் கொடியது. அதற்குப் படமும் கிடைக்காது. கொலை, சித்திரவதை, பாலியல் வன்முறை, பணயக் கைதியாக்குதல், கொள்ளை, ஒருவர் செய்ததற்கு ஊரையே தண்டித்தல் எல்லாம் எந்தச் சூழலிலும் தடை. இங்கே இராணுவத் தேவை என்ற வாதத்துக்கே வேலையில்லை. மக்களின் பாதுகாப்புக்காகத் தற்காலிகமாக வெளியேற்றலாம். சண்டை ஓய்ந்ததும் வீட்டுக்குத் திரும்ப விட வேண்டும். திரும்ப விடாத ‘வெளியேற்றம்’ கட்டாய இடப்பெயர்ப்பு.

பட்டினியைப் போர் உத்தியாகப் பயன்படுத்துவதும் அப்படித்தான். பாதுகாப்புச் சபை 2018இல் 2417ஆம் தீர்மானத்தில் அதைக் கண்டித்தது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய ரோம் சாசனத்தில் 2019இல் செய்யப்பட்ட திருத்தம் உள்நாட்டு மோதலிலும் அதைப் போர்க்குற்றமாகச் சேர்த்தது. நிவாரண லாரி எல்லையில் நின்றால் எத்தனை நாள், எந்த ஆணையால், என்ன காரணம் சொல்லி என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: குறித்து வைப்பது

நீங்கள் நேரில் இருந்தால், உயிரைப் பணயம் வைத்து ஆதாரம் சேகரிக்காதீர்கள். வெடிக்காத குண்டைத் தொடவே கூடாது; தூரத்திலிருந்து படம் எடுத்துவிட்டு விலகுங்கள்.

நாள், நேரம், இடம் மூன்றையும் முதல் வரியில் எழுதுங்கள். கண்ணால் கண்டதை ஒரு பக்கத்திலும் பிறர் சொன்னதை இன்னொரு பக்கத்திலும் வையுங்கள். உங்கள் ஊகத்தை இரண்டிலும் கலக்காதீர்கள். அருகில் படையினரோ ஆயுதமோ இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். அதை விட்டுவிட்ட குறிப்பு முதல் குறுக்கு விசாரணையிலேயே விழுந்துவிடும். படத்தை வெட்டாமல், நிறம் மாற்றாமல் மூலக் கோப்பாகவே பத்திரப்படுத்துங்கள். அந்தப் பகுதிப் படையின் தளபதி யார், இதற்கு முன் இப்படி நடந்து முறையிட்டார்களா என்று கேளுங்கள். கீழே உள்ளவர்கள் செய்வது தெரிந்தும், அல்லது தெரிந்திருக்க வேண்டியிருந்தும், தடுக்காத, தண்டிக்காத மேலதிகாரியும் பொறுப்பாளிதான்.

பாதிக்கப்பட்டவரிடம், குறிப்பாகப் பாலியல் வன்முறைக்கு ஆளானவரிடம், பயிற்சி இல்லாமல் விவரம் கேட்காதீர்கள். பத்துப் பேர் பத்து முறை கேட்டால் அவர் பத்து முறை அதே வேதனையை அனுபவிக்கிறார்; சொற்கள் சற்று மாறினால் வழக்கும் பலவீனமாகிறது. செஞ்சிலுவைக் குழுவினர் பார்த்தார்களே, அவர்கள் சாட்சி சொல்வார்கள் என்றும் காத்திருக்காதீர்கள். எல்லாத் தரப்பையும் அணுகுவதற்காக அவர்கள் இரகசியம் காக்கிறார்கள். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் விதிகளே அவர்களுக்குச் சாட்சியத்திலிருந்து விலக்கு அளிக்கின்றன. ஆனால் காணாமல் போனவரைத் தேடுவதற்கு அவர்களிடம் மையத் தேடல் அமைப்பு இருக்கிறது. குடும்பத்தினரை அங்கே அனுப்புங்கள்.

இறந்தவர்களின் விவரத்தைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். தன் உறவினருக்கு என்ன ஆயிற்று என்று அறியும் உரிமை குடும்பத்துக்கு உண்டு என்று முதலாம் நெறிமுறையின் 32ஆம் பிரிவு சொல்கிறது. பெயரைக் குடும்பத்தினர் சொல்லும் உச்சரிப்பிலேயே எழுதுங்கள். தந்தை பெயரையும் சேருங்கள். பெயர் தெரியாவிட்டால் உடையின் நிறம், சட்டைப்பையில் இருந்த சாவி, கையிலிருந்த மோதிரம், பழைய தழும்பு எனப் பார்த்ததையெல்லாம் குறியுங்கள். எங்கே புதைத்தார்கள், வரிசையில் எத்தனையாவது குழி, அருகில் என்ன மரம் என்பதையும் அதே தாளில் எழுதி, ஒரு பிரதியை வேறிடத்தில் வையுங்கள்.